குதிரும் கொல்லாமையும்

சங்ககாலத் தொண்டை நாட்டின் வளத்தைப் பெரும்பாணாற்றுப்படை விரித்துரைக்கிறது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், ஏணிக்கும் எட்டாத உயரமுடைய கூடுகளில் பழநெல் நிறைந்திருந்ததைக் காட்டுகிறார். பிற்காலத்தே இம்மண்டலத்து உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. ஏரியைக் காத்தது ஊர்ச்சபை. அந்நீரால் விளைந்த நெல்லை மறு விளைச்சல்வரை காத்தது இல்லம்.

இக்காவலில் சமண இல்லறத்தார்க்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. நெல்லைத் துளைக்கும் வண்டும் அந்துப்பூச்சியும் உயிர்களே. தொல்காப்பிய மரபியல் தும்பியை நான்கறிவுயிர் என்கிறது. சமண நூல்களும் வண்டினத்தை நான்கு பொறியுடையதாகக் கொள்கின்றன. உழவிலும் அடுக்களையிலும் தவிர்க்கவியலாது நேரும் இம்சை வேறு. கொல்லக் கருதியே செய்யும் சங்கற்ப இம்சை வேறு. பின்னது சிராவகர்க்கு முற்றும் விலக்கு. ஆதலின், வந்தபின் கொல்வதினும் வாராமற் காப்பதே நம் அறத்திற்கு இசைந்த வழி.

அவ்வழியை நம் மண் நன்கறியும். நெல்லை நன்கு உலர்த்துதலே முதற்காவல். ஈரம் மிகுந்த தானியத்திலேயே பூச்சி விரைந்து பெருகும். குதிரைத் துடைத்து, வெடிப்புகளை மண்ணும் சாணமும் கொண்டு மெழுகி, நிழலில் உலர்த்திய வேப்பிலையும் நொச்சியிலையும் அடுக்கடுக்காக இட்டு நெல்லைக் கொட்டுவர். பச்சையிலை ஈரத்தைச் சேர்க்கும் என்பதால் அதனை இடார். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைப்பர். வண்டு தென்பட்டால் தானியத்தை இளவெயிலில் பாயில் பரப்புவர். அவை தாமே ஊர்ந்து அகலும்.

வேம்பின் இயல்பை அறிவியலும் ஆராய்ந்துள்ளது. 1962இல் தில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தார், வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் தின்னாது விடுவதைக் கண்டனர். 1968இல் இங்கிலாந்தில் அதன் முதன்மைப் பொருளாகிய அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது.

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. தாவரம் என்பதாலேயே ஒரு பொருள் கொல்லாமைக்கு உரியதாகிவிடாது. அசாடிராக்டின் பூச்சியை விலக்குவதோடு, அதனை உண்ட புழு தோலுரித்து வளர்வதையும் தடுக்கும். பயறுக்குத் தடவும் எண்ணெய் முட்டைகளை அழிக்கும். வசம்பு சில பூச்சிகளை மலடாக்கும். வேப்பிலையைத் தூய தானியத்தில் முன்னரே இடுவது காவல். வண்டு மொய்த்த பயற்றில் எண்ணெய் வார்ப்பது கொலைக்கு அணித்து. பொருளன்று, காலமும் கருத்துமே இங்கு அறத்தை வரையறுப்பன.

இன்று குதிர் மறைந்து சாக்கு மூட்டை வந்துவிட்டது. அலுமினியம் பாஸ்பைடு வில்லைகளை வீட்டு மூட்டைகளிலும் வைப்போர் உளர். அவை காற்றின் ஈரம் பட்டதும் வெளியிடும் பாஸ்பீன் வாயு, பூச்சியோடு உறங்கும் மனிதரையும் கொல்லவல்லது. வீட்டினுள் அவற்றிற்கு இடமேயில்லை.

மகாவீரர் பிறந்தநாள் வரும் பங்குனி, சித்திரைத் திங்கள்கள் நெல் உலர்த்தற்கேற்ற வெயிற்காலமும் ஆகும். இவ்வாண்டு விழாவிற்கு இல்லந் துலக்கும்போது தானியக் கலங்களையும் துலக்குவோம். நன்கு உலர்ந்த நெல்லையும், நிழலில் காய்ந்த வேப்பிலையையும் இட்டு மூடுவோம். பாட்டியர் கைப்பழக்கமாய் வைத்திருந்த இதனைப் பெயர்த்தியர்க்குக் காரணத்தோடு கற்பிப்போம். அன்றாட உணவிலிருந்தே கொல்லாமை தொடங்கட்டும்.