கிளம்ப மறுத்த டிராக்டர்

உழவு இயந்திரங்களின் வரலாற்றை எழுதியோர் அவற்றின் குதிரைத்திறனைக் கணக்கிட்டுள்ளனர். ஒரு நாளில் எத்தனை ஏக்கர் நிலத்தை உழுதன என்பதையும் குறித்து வைத்துள்ளனர். உழவு தொடங்குவதற்கு முன் வீணே கழிந்த காலை வேளையைப் பற்றி அவர்கள் மிகுதியாகப் பேசுவதில்லை. மண் பதமாக இருக்கிறது. நாளை மழை வரக்கூடும். கொட்டகையில் நிற்கும் டிராக்டரோ அசைய மறுக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாழ்ந்த உழவர்களுக்கு இது நன்கு பழகிய காட்சி. தீனி வைத்துச் சேணம் பூட்டினால் குதிரை நடக்கும். டிராக்டர் வாங்கிய பின்னரும் பலர் தம் குதிரைகளை விற்றுவிடாமல் வைத்திருந்தமைக்கு இத்தகைய காலை வேளைகளும் ஒரு காரணம் எனலாம்.

பழைய டிராக்டர் கிளம்பாவிடில் அதனைப் பிடிவாதம் என்று கூறுவது வழக்கம். அது பிடிவாதமன்று, அதன் வயது. எந்த எரிபொருளை எண்ணி, எத்தகைய தீமூட்டலை எண்ணி, எவருடைய தோள்வலிமையை எண்ணி அதனைப் படைத்தார்களோ, அவ்வளவும் அந்த மறுப்பில் அடங்கியிருக்கிறது. அதனைப் பழுது பார்க்க விரும்புவோன் அதன் காலத்தை அறிந்திருத்தல் வேண்டும்.

எண்ணெய் இயந்திரம் எதுவாயினும் மூன்று காரியங்கள் நடந்தால்தான் உயிர் பெறும். எரிபொருள் ஆவியாகிக் காற்றுடன் தக்க அளவிற் கலத்தல் வேண்டும். அக்கலவையைப் பிஸ்டன் நன்கு அமுக்குதல் வேண்டும். உரிய நொடியில் அதில் தீப் பற்றுதல் வேண்டும். 1892-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜான் ஃப்ரோலிக் என்பவர் முன்னும் பின்னும் செல்லக்கூடிய பெட்ரோல் இழுவை இயந்திரத்தை அமைத்த நாள் முதல் இம்மூன்றும் மாறவில்லை. ‘டிராக்டர்’ என்னும் சொல்லோ அதற்குப் பின், 1906-இல், ஹார்ட்-பார் நிறுவனத்தின் விற்பனை விளம்பரங்கள் வாயிலாகப் பரவியது. அக்காலத்து இயந்திரங்கள் யானையை ஒத்தவை. சிறு உழவனுக்கு எட்டாதவை. அவனுக்கு எட்டிய முதல் டிராக்டர் ஃபோர்ட்ஸன். கிளம்ப மறுப்பதில் பெரும் புகழ் பெற்றதும் அதுவே.

முதல் உலகப் போரின்போது ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பிரிட்டனுக்கு உணவு கொண்டுவந்த கப்பல்களை மூழ்கடித்தன. குதிரைகளும் ஆட்களும் போர்முனைக்குச் சென்றுவிட்டமையால் வயல்கள் காத்துக்கிடந்தன. பிரிட்டிஷ் அரசு ஹென்றி ஃபோர்டிடம் 6,000 டிராக்டர்கள் கேட்டது. 1917 அக்டோபரில் டியர்பார்ன் நகரில் உற்பத்தி தொடங்கியது. அதற்கு ஃபோர்டு என்று பெயரிட இயலவில்லை. மின்னியாபோலிஸ் நகரிலிருந்த வேறொரு குழுமம் அப்பெயரில் முன்னமேயே டிராக்டர் விற்று வந்தது. ஆகவே ‘ஃபோர்டும் மகனும்’ என்னும் பொருள்பட ஃபோர்ட்ஸன் என்னும் பெயர் அமைந்தது.

அந்த மின்னியாபோலிஸ் டிராக்டரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பெயரைக் கண்டு ஏமாந்து அதனை வாங்கியவர்களுள் நெப்ராஸ்கா மாநிலத்து உழவர் வில்மட் குரோஸியர் ஒருவர். வாங்கிய டிராக்டர் வேலைக்கு உதவவில்லை. குரோஸியர் பின்னர் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார். 1919-இல் ஒரு சட்டம் நிறைவேற உழைத்தார். மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்படாத எந்த டிராக்டர் வகையையும் நெப்ராஸ்காவில் விற்கலாகாது. விற்போர் மாற்றுப் பாகங்கள் கிடைக்கும் நிலையத்தையும் வைத்திருத்தல் வேண்டும். 1920-இல் தொடங்கிய அச்சோதனைகளின் முடிவுகளை உலகின் பல நாடுகளிலும் உழவர்கள் நம்பிப் படித்தனர். வயலில் ஓடாமல் நின்ற ஓர் இயந்திரம் சட்டப் புத்தகத்தில் இடம்பெற்ற கதை இது.

ஃபோர்ட்ஸனுக்கு வருவோம். அதற்குத் தனியே சட்டம் இல்லை. இயந்திரம், பல்சக்கரப் பெட்டி, பின் அச்சு ஆகிய வார்ப்புகளையே ஒன்றோடொன்று முடுக்கி உடலாக்கினர். நான்கு சிலிண்டர்கள், ஏறத்தாழ 20 குதிரைத்திறன். 1922-இல் அதன் விலையை 625 டாலரிலிருந்து 395 டாலராகக் குறைத்தார் ஃபோர்டு. 1928-இல் அமெரிக்க உற்பத்தி நின்றபோது 7 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபோர்ட்ஸன்கள் வெளிவந்திருந்தன. இதே டிராக்டரை 1924 முதல் லெனின்கிராடின் புத்தீலவ் ஆலையிலும் செய்தனர். ஆகவே ஃபோர்ட்ஸனுடன் மல்லாடும் காலை வேளைகள் ருஷ்ய நாட்டுக்கும் வந்து சேர்ந்தன.

மல்லாட்டத்தின் காரணம் பிளைவீல் என்னும் கனத்த சக்கரத்தில் இருந்தது. ஃபோர்டு தம் மோட்டார் வண்டியின் முறையையே டிராக்டருக்கும் கொண்டுவந்தார். அச்சக்கரத்தில் காந்தங்கள் பொருத்தப்பட்டிருந்தன. அவை கம்பிச்சுருள்களின் முன் சுழலும்போது தாழ்ந்த அழுத்தமுள்ள மின்சாரம் பிறக்கும். மரப்பெட்டியினுள் வைத்த நான்கு காயில்கள், வண்டு ரீங்கரிப்பதுபோல் அதிர்ந்து, அதனைத் தீப்பொறியாக்கும் உயர் மின்சாரமாக மாற்றும். சிக்கனமான ஏற்பாடுதான், தனி மாக்னெட்டோவின் செலவு மிச்சம். ஆனால் சக்கரம் விரைந்து சுழன்றால்தான் வலுவான மின்சாரம் பிறக்கும். முகப்பில் கைப்பிடியைச் செருகி மனிதன் சுழற்றும்போது சக்கரம் எவ்வளவு விரைவாகச் சுழலும்? அதிலும் குளிர்காலத்தில் எண்ணெய் பாகாய் உறைந்திருக்கும். எண்ணெயில் மூழ்கிய கிளச்சுத் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இயந்திரத்தோடு பல்சக்கரப் பெட்டியையும் சேர்த்தே சுழற்ற வேண்டியிருக்கும். சுழற்சி தளர்ந்தால் தீப்பொறி தளரும். அதே குளிரில் எரிபொருளும் ஆவியாக மறுக்கும். காரணம் ஒன்று, மறுப்பு இரண்டு.

உழவர்கள் சும்மா இருக்கவில்லை. இரவிலேயே எண்ணெயை வடித்து அடுப்பருகே வைத்திருந்து காலையிற் சூடாக ஊற்றினர். குளிர்நீர்த் தொட்டியில் வெந்நீர் நிரப்பினர். பின் சக்கரம் ஒன்றைத் தரையினின்றும் தூக்கி வைத்துச் சுழற்றினர். இயந்திரத்தின் அடியில் நெருப்பு மூட்டத் துணிந்தவர்களும் உண்டு. தனி மின்கலம் ஒன்றைக் காயில் பெட்டியுடன் இணைத்துக் கிளப்பிய வழக்கமும் இருந்தது. இக்காலத்தில் பழைய ஃபோர்ட்ஸனைச் சீர்செய்வோருக்கு அது நல்ல சோதனை. மின்கலத்தை இணைத்ததும் காயில் ரீங்கரித்தால் காயில் நலமாக இருக்கிறது. குறை காந்தத்திலோ கம்பியிலோ இருக்கலாம். காது கேட்டே நோய் அறியலாம்.

1929-இல் ஃபோர்ட்ஸன் உற்பத்தி அயர்லாந்தின் கார்க் நகருக்குச் சென்றபோது, புதிய வகையில் உயர் அழுத்த மாக்னெட்டோ இடம்பெற்றது. பாஷ் நிறுவனத்தில் கோட்லோப் ஹோனோல்டு என்பவர் 1902-இல் உருவாக்கிய கருவி அது. அவ்வகைக் கருவிகள் பலவற்றில் ஒரு சுருள்வில் உண்டு. கைப்பிடி மெல்லச் சுழலும்போது அவ்வில் காந்தத்தைச் சற்றே தடுத்து நிறுத்திப் பின் சட்டென்று உதறிவிடும். மெல்லச் சுற்றினாலும் தீப்பொறி வலுவாக எழும். ‘டக்’கென்ற ஓசை அவ்வுதறலின் அடையாளம். ஓசை கேட்கவில்லையெனில் வேறெதையும் கழற்றுமுன் அவ்வில்லைப் பார்த்தல் நலம். மாக்னெட்டோவின் மற்றொரு நோய் விந்தையானது. டிராக்டர் காலையில் ஒழுங்காகக் கிளம்பும், சூடேறியதும் நின்றுவிடும், ஆறும்வரை மீண்டும் கிளம்பாது. மெழுகிட்ட காகிதத்தாலான பழைய கண்டன்சர் சூட்டில் தளர்ந்துவிடுவதே பெரும்பாலும் இதற்குக் காரணம்.

எனினும் தீப்பொறியைப் பழித்த பல வேளைகளில் குற்றவாளி எரிபொருளே. பெட்ரோல் விலை மிகுந்தது, மண்ணெண்ணெய் மலிவு. ஆனால் குளிர்ந்த இயந்திரத்தில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. ஆகவே அக்காலத்து டிராக்டர்களில் தொட்டிகள் இரண்டு. பெட்ரோலில் கிளப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாறவேண்டும். மாலையில் நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே மண்ணெண்ணெயை அடைத்துப் பெட்ரோலைத் திறந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் நிரம்பிய பின்பே நிறுத்துதல் வேண்டும். பகலெல்லாம் உழுது களைத்தவனுக்கு இது நினைவிருக்குமா? மறந்துவிட்டால் கிண்ணம் நிறைய மண்ணெண்ணெய் தங்கிவிடும். மறுநாட் காலையில் தோள் சலிக்கச் சுற்றியும் பயனிராது. பிளக்குகள் நனைந்துபோகும், அவற்றைக் கழற்றி அடுப்பில் சுட்டு மீண்டும் செருகுவார்கள். கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து மண்ணெண்ணெயை வடித்துவிட்டால் தீர்ந்துபோகும் காரியம்.

எரியாத மண்ணெண்ணெய் அத்தோடு விடுவதில்லை. பிஸ்டன் வளையங்களைத் தாண்டி இயந்திர எண்ணெயில் கசிந்து கலக்கும். எண்ணெய் அளவு குறையாமல் நாள்தோறும் ஏறி வருவதைக் கண்டு உழவன் மகிழலாகாது. நீர்த்த எண்ணெய் வளையங்களைத் தேய்க்கிறது, அமுக்கம் குறைகிறது. கைப்பிடியைச் சுற்றும்போது எதிர்ப்பே தோன்றாவிடில், பிளக்குத் துளை வழியே கரண்டியளவு எண்ணெய் விட்டு மறுபடியும் சுற்றிப் பார்ப்பார்கள். எதிர்ப்பு மீண்டால் வளையம் தேய்ந்தது என்று பொருள். மீளாவிடில் வால்வு சரியாக மூடவில்லை.

கைப்பிடியைச் சுற்றுவது விளையாட்டன்று. தீப்பொறி சற்று முந்தினால் இயந்திரம் பின்னோக்கி உதைக்கும்; மணிக்கட்டு முறியும். மருத்துவத்தில் இவ்வகை முறிவுக்குக் காரோட்டி முறிவு என்றே பெயர் ஏற்பட்டது. கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடி, கீழே அழுத்தாதே, மேல்நோக்கி இழு என்று தந்தையர் மைந்தருக்குக் கற்பித்தனர்.

தீப்பொறியே வேண்டாம் என்று கருதியவர்களும் இருந்தனர். மன்ஹைம் நகரத்து லான்ஸ் ஆலையில் ஃபிரிட்ஸ் ஹூபர் 1921-இல் அமைத்த புல்டாக் டிராக்டருக்கு ஒரே சிலிண்டர், மாக்னெட்டோ இல்லை. அதன் தலையிலுள்ள இரும்புக் குமிழை ஊதுவிளக்கால் நன்றாகச் சூடேற்றுவார்கள். பின்னர் வந்த வகைகளில் திசைதிருப்பும் சக்கரத்தை அதன் தண்டோடு உருவி, பிளைவீலில் செருகி, முன்னும் பின்னுமாக ஆட்டி உலுக்குவார்கள். எந்த மட்ட எண்ணெயையும் அது விழுங்கும். ஒரு விபரீதம் மட்டும் உண்டு: தவறாக உலுக்கினால் இயந்திரம் எதிர்த்திசையில் சுழலத் தொடங்கும், முன்செல்லும் பல்சக்கரத்தைப் போட்டவன் பின்னே செல்வான். இங்கிலாந்தின் ஃபீல்டு மார்ஷல் டிராக்டரிலோ, வெடியுப்பில் தோய்த்த காகிதச் சுருளைக் கனலவைத்துச் சிலிண்டரில் திருகுவார்கள். கையாற் சுற்ற விரும்பாதவன் துப்பாக்கித் தோட்டாவை ஒத்த ஒன்றைப் பொருத்திச் சுத்தியலால் தட்டுவான். வெடியின் வேகத்தில் பிஸ்டன் நகரும். உழவு இயந்திரத்தைக் கிளப்ப மருந்து வெடிக்கவேண்டியிருந்தது என்றால் இன்று நம்புவது அரிது.

சார்லஸ் கெட்டரிங்கின் மின் தொடக்கி 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களிலேயே வந்துவிட்டது. செல்வரின் மணிக்கட்டு முதலிற் காப்பாற்றப்பட்டது. உழவனின் மணிக்கட்டுக்குப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1946-இல் காவென்ட்ரியில் உற்பத்தி தொடங்கிய ஃபெர்குஸன் டி.இ.20 டிராக்டரில் மின் தொடக்கி பல்சக்கர நெம்புகோலோடு இணைந்திருந்தது. பல்சக்கரம் பூட்டியிருக்கும் நிலையில் அதனைக் கிளப்பவே இயலாது. கிளப்பியவன் மீதே டிராக்டர் ஏறிவிடும் விபத்துக்கு இடமில்லை. 1958 ஜனவரியில் எட்மண்ட் ஹிலாரி தென்துருவத்தை அடைந்தது ஃபெர்குஸன் டிராக்டர்களில்தான். ஃபெர்குஸன் பெயரைத் தாங்கிய மாஸே ஃபெர்குஸன் நிறுவனத்தோடு கூட்டுச் சேர்ந்து 1960-இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பெற்றதும் இவ்வழியில் வந்த செய்தியே.

பழைய டிராக்டர்களைப் பேணுவோர் இன்றும் பல நாடுகளில் உள்ளனர். அவர்களுக்குப் புதிய சிக்கல் ஒன்று வந்துள்ளது. பிரிட்டனில் டிராக்டர்களுக்கென்றே விற்ற மண்ணெண்ணெய் வகை 1970-களில் கடைகளினின்றும் மறைந்தது. பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் தாமே கலந்து ஈடுசெய்கிறார்கள். 2021 செப்டம்பர் முதல் அங்கே வழக்கமான பெட்ரோலில் பத்தில் ஒரு பங்குவரை எத்தனால் கலக்கப்படுகிறது. அக்காலத்துக் கார்புரேட்டர்கள் பலவற்றின் மிதவை தக்கையால் ஆனது. அதன்மேல் அரக்குப் பூச்சு. எத்தனால் அரக்கைக் கரைக்கிறது. தக்கை பெட்ரோலைக் குடித்துக் கனத்து மூழ்குகிறது. கிண்ணம் வழிந்து பிளக்குகள் நனைகின்றன. டிராக்டர் மீண்டும் கிளம்ப மறுக்கிறது. மிதவையை வெளியே எடுத்து, நன்கு உலரவைத்து, எத்தனாலில் கரையாத பூச்சு ஒன்றைப் பூசி, கிண்ணத்தின் அடியிலுள்ள கசடையும் வழித்தெடுத்த பின்னரே அவர்கள் கைப்பிடியைத் தொடுகிறார்கள்.