ஒன்றரை வருஷம்கூடத் தாங்காத சட்டம்

1988 ஜூனில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை ஒரு மசோதாவை 328-72 என்று நிறைவேற்றியது. 1989 அக்டோபரில் அதே சபை அதை ரத்து செய்ய 360-66 என்று ஓட்டுப் போட்டது. அப்படி என்னதான் ஆச்சு?

முதியோருக்கான மெடிகேர் காப்பீட்டில், நோயாளி கையிலிருந்து கொடுப்பதற்கு அப்போது உச்சவரம்பு இருக்கவில்லை. கடையில் வாங்கும் மாத்திரைக்கும் அப்போது காசு வரவில்லை. புதுச் சட்டம் இரண்டையும் சரி செய்யப் பார்த்தது. ஆனால் செலவு முழுக்க முதியவர்கள் தலையிலேயே. ஓரளவு வசதியானவர்கள் வருமான வரிக்கு மேல் 15% கூடுதலாகக் கட்டணும், ஒருவருக்கு ஆண்டுக்கு 800 டாலர் வரை. சுமார் 40% பேர்தான் இதில் வருவார்கள். மற்றவர்களில் பலரும் தங்களுக்கும்தான்னு நினைச்சுட்டாங்க. கட்ட வேண்டியவர்களில் நிறையப் பேருக்குப் பழைய கம்பெனி தந்த காப்பீடு ஏற்கெனவே இருந்தது. அவர்கள் நிஜமாகவே பயந்த நீண்டகால முதியோர் இல்லச் செலவோ சட்டத்தில் இல்லவே இல்லை.

வரி 1989-லேயே. மருந்துச் சலுகை வருவது 1991-ல். நம்ம தொழில் பாஷையில் சொன்னா, ரிலீஸுக்கு முன்னாடியே இன்வாய்ஸ் போயிடுச்சு.

1989 ஆகஸ்டில் சிகாகோவில், வரிக்குழுத் தலைவர் டான் ராஸ்டென்கவ்ஸ்கியின் காரை முதியவர்கள் மறித்துக்கொண்டார்கள். மனுஷன் இறங்கி ஓட வேண்டியதாயிற்று.

வரியை நீக்கிவிட்டு ஆஸ்பத்திரிச் சலுகையையாவது வைத்துக்கொள்ளலாம் என்ற ஜான் மெக்கெய்னின் யோசனையை செனட் 99-0 என்று ஏற்றது. கீழ்சபை மசியவில்லை. பிழைத்தது ஏழைகளுக்கான மெடிகெய்ட் பகுதிகள்தான். அதைப் பற்றி யாரும் கத்தவில்லை.

1991-ல் வந்திருக்க வேண்டிய மருந்துச் சலுகை, வேறொரு சட்டத்தின் வழியாக 2006 ஜனவரியில் வந்தது.