ஒஸ்தா மாமாவும் சேர் ஜொனதனும்

எனக்குச் சுன்னத்து வைத்தபோது வயது ஏழு. கல்முனைக்குடியில் மூத்தம்மா வீட்டு விறாந்தையில் உரலைக் கவிழ்த்து வெள்ளைச் சீலை விரித்து, மாமா என்னைத் தூக்கி இருத்திக் கண்ணைப் பொத்திக்கொண்டார். சுன்னத்து வைக்கும் ஒஸ்தா மாமா சவரக்கத்தி தீட்டும் சத்தம் கேட்டது. பிறகு பெண்களின் குரவை. ஏழு நாள் சாரனை நூலில் கட்டி வளையில் தொங்கவிட்டு மல்லாந்து கிடந்தேன். "மீன் கிரந்தி, புண் ஆறாது, வாயில வெக்கப்படா" என்றா மூத்தம்மா. கடல் சத்தம் கேட்கும் வீட்டில் மீன் இல்லாமல் ஏழு நாள்!

வளர்ந்து தாதி உத்தியோகத்தரானேன். பயிற்சியில் 'ஹட்சின்சன் பல்' என்று ஒரு பாடம். தாயிடமிருந்து சிபிலிஸ் தொற்றிப் பிறக்கும் பிள்ளைக்கு முன்பல் விளிம்பு குழிந்து முளைக்கலாம். பழைய வைத்திய ஏடுகளில் அந்த நோய்க்கும் கிரந்தி என்றுதான் பெயர். பல்லுக்குப் பெயர் தந்த ஜொனதன் ஹட்சின்சன் சுன்னத்தைப் பற்றியும் எழுதியவர் என்று தெரிந்ததும் தேடிப் படித்தேன்.

1828இல் இங்கிலாந்தின் செல்பியில் பிறந்தவர். யூதர் நிறைய வாழ்ந்த லண்டன் பகுதியில் இருந்த மெட்ரோபொலிட்டன் இலவச வைத்தியசாலையின் நோயாளரை எண்ணிப் பார்த்தார். வெளிநோயாளரில் மூன்று கிறிஸ்தவருக்கு ஒரு யூதர். சிபிலிஸ் வந்தவர்களிலோ பதினைந்து கிறிஸ்தவருக்கு ஒருவர்தான். யூதரும் செய்யும் விருத்தசேதனமே, அதாவது சுன்னத்தே, காரணம் என்று 1855இல் எழுதினார். இரு சமூகத்தாரின் வாழ்க்கைமுறை வேறுபாட்டை அந்தக் கணக்கு முழுதாகப் பிரித்துக் காட்டாது. ஆனாலும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பின்னாளில் அவர் எண்ணுவதை விட்டுப் பிரசங்கம் செய்யத் தொடங்கியது எனக்கு வருத்தம். சிறுவர்களின் கைப்பழக்கத்தைத் தடுக்கவும் சுன்னத்தே வழி என்று 1890களில் வாதாடினார். ஆங்கிலேயர் தங்கள் பிள்ளைகளுக்கு இதைச் செய்துவந்த வழக்கத்தை 1949இல் டக்ளஸ் கெயார்ட்னர் என்ற குழந்தை வைத்தியர் கேள்வி கேட்டார். கைக்குழந்தைக்கு நுனித்தோல் பின்வாங்காமல் ஒட்டியிருப்பது இயற்கை, நோயல்ல என்று காட்டினார். இந்தச் சிகிச்சையால் ஆண்டுக்குச் சுமார் 16 சிறு குழந்தைகள் இறப்பதையும் எழுதினார். பிரித்தானியாவில் வழக்கம் வேகமாகக் குறைந்தது. பிறகு தென்னாபிரிக்கா, கென்யா, உகண்டா ஆய்வுகள் வந்தன. பெண்ணிடமிருந்து ஆணுக்கு எச்ஐவி தொற்றுவது ஏறத்தாழ 60 வீதம் குறைவதாக அவை காட்ட, 2007இல் உலக சுகாதார நிறுவனம் அந்நோய் மிகுந்த நாடுகளுக்கு இதைப் பரிந்துரைத்தது. நாங்கள் இவை எதற்கும் காத்திருக்கவில்லை. எங்கள் ஷாபி மத்ஹபில் இது கடமை. இப்ராஹீம் நபியின் வழிமுறை. அதற்கு மேல் எங்கள் வாப்பாமாருக்குக் காரணம் தேவைப்படவில்லை.

ஹட்சின்சனும் என் மூத்தம்மாவைப் போல மீனைச் சந்தேகித்தவர். கெட்டுப்போன மீனைத் தின்பதால் குஷ்டம் வருகிறது என்று 1906இல் ஒரு நூலே எழுதினார். குஷ்டக் கிருமியை நோர்வேயின் ஹன்சன் 1873இலேயே கண்டுபிடித்திருந்தார். மட்டக்களப்பு வாவியின் மாந்தீவில் ஒதுக்கி வைக்கப்பட்ட குஷ்ட நோயாளிகளை நினைக்கும்போது, இந்த நோயைப் பற்றிப் பெரியவர்கள் விடும் பிழை எவ்வளவு பாரமானது என்று எனக்குப் படும்.

பிழைகளோடும் 1908இல் அவருக்கு 'சேர்' பட்டம் கிடைத்தது. எங்கள் ஒஸ்தாவுக்கு என்ன கிடைத்தது? அரிசி, தேங்காய், ஒரு சீலை, கொஞ்சக் காசு. ஊரின் ஆண்பிள்ளைகளெல்லாம் அவர் கையால் மார்க்கத்துக்குள் வந்தார்கள். ஆனாலும் அவர் வீட்டில் பெண் எடுக்கவோ கொடுக்கவோ மற்றக் குடிகள் தயங்கின. விருந்தில் அவருக்கு ஓரத்துப் பாய். எல்லாரும் சமம் என்று தொழுகையில் தோளோடு தோள் நிற்கும் ஊரில் இது நடந்தது. இதை எழுதாமல் இருக்க என்னால் முடியவில்லை.

இப்போது பிள்ளைகளுக்கு விறைப்பூசி போட்டு டொக்டர்தான் செய்கிறார். நான் வேலை செய்த ஒரு வைத்தியசாலைக்கு அந்த ஒஸ்தா மாமாவே பேரனைக் கொண்டுவந்தார். முடிந்ததும் குனிந்து பார்த்து, "தையல் நல்லாரிக்கி மகன், கட்டுத்தான் இறுக்கம்" என்றார். கட்டியவன் நான். உள்ளே நுனி நீலம் பாரித்திருந்தது. அவிழ்த்து, அவர் சொல்லச் சொல்லத் திரும்பக் கட்டினேன்.