ராமகுப்பமும் ரவுட்டருக்குள் ஒரு கறுப்புத் திரையும்

பொட்டி தட்டிப் பிழைக்கும் நண்பர்கள் இந்தப் பதிவைத் தாராளமாகத் தாண்டிப் போகலாம். அவர்களுக்கு இது தினமும் தின்னும் இட்லி. மற்றவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். நான் பி.காம். படித்து வங்கியில் சேர்ந்தவன். டெபிட், கிரெடிட் தாண்டி எனக்கு ஒன்றும் ஏறாது என்று வீட்டம்மாவுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு :-)

விஷயம் இதுதான். நம் வீட்டு ஹாலில் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் ரவுட்டருக்குள் ஒரு முழு கம்ப்யூட்டரே உட்கார்ந்திருக்கிறது. அதற்கென்று ஒரு கறுப்புத் திரை உண்டு. எழுத்தாலேயே உத்தரவு போடலாம். ஆபீஸ் மேஜையை நம் கைவாக்குக்கு அடுக்கிக்கொள்வதுபோல, அந்தத் திரையையும் நம் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்தச் சின்ன உரிமை சாதாரண ஜனங்களின் கைக்கு வந்தது ஒரு பெரிய கதை. அதோடு சேர்த்துப் பார்த்தால், எங்கள் பக்கத்து ராமகுப்பத்தில் நடந்த ஒன்றும் எனக்கு வேறு மாதிரி புரிகிறது.

ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன்

ரவுட்டரைத் தமிழில் திசைவி என்கிறார்கள். அந்தக் காலத்தில் ஆர்.எம்.எஸ். பெட்டியில் உட்கார்ந்து தபால் பிரித்தவர் செய்த வேலைதான் அதன் வேலை. முகவரியைப் பார்த்து இது இந்தப் பை, அது அந்தப் பை என்று தள்ளிவிடும். 1969-இல் அமெரிக்காவில் அர்பாநெட் தொடங்கியபோது இந்த வேலையைச் செய்தது ஐஎம்பி என்ற இயந்திரம். பிபிஎன் என்ற நிறுவனம் ஹனிவெல் கம்ப்யூட்டரை வைத்துச் செய்தது. ஃபிரிட்ஜ் அளவு இருந்தது. அந்த வருடம் அக்டோபர் 29 அன்று 'லாகின்' என்ற சொல்லை அனுப்ப முயன்றார்கள். முதல் இரண்டு எழுத்து போய்ச் சேர்ந்ததும் மறுமுனைக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. இணையத்தின் மூதாதையின் முதல் செய்தியே அரைகுறைதான்.

உத்தரவுத் திரையின் வம்சாவளி அதற்கும் முந்தியது. 1960-களின் முற்பகுதியில், எம்ஐடியில் சிடிஎஸ்எஸ் என்ற கம்ப்யூட்டர் அமைப்பில் வேலை செய்த லூயி பூஸான் என்ற பிரெஞ்சுக்காரர் 'ரன்காம்' என்று ஒன்றை எழுதினார். அடிக்கடி தட்டும் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்துவிட்டால் இயந்திரம் அவற்றைத் தானே ஒவ்வொன்றாக நிறைவேற்றும். கட்டளை வாங்கும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான்.

வங்கியில் இதற்கு ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்று பெயர். வாடிக்கையாளர் ஒருமுறை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மாதாமாதம் ஆர்.டி.க்குப் பணம் தானாகப் போகும். அதேதான். 1979-இல் வந்த ஏழாம் யூனிக்ஸில் ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல், ஒருவர் உள்ளே நுழைந்ததும் அவருடைய 'புரொஃபைல்' கோப்பை வாசித்து அதன்படி நடந்துகொண்டது. அதே காலத்தில் பில் ஜாய் எழுதிய சி-ஷெல், 'ஏலியாஸ்' வசதியைக் கொடுத்தது. நீளமான கட்டளைக்கு நாமே ஒரு சுருக்கப் பெயர் வைத்துக்கொள்ளலாம். அலுவலகக் குறிப்பில் முழுப்பெயர் எழுதாமல் இனிஷியல் போடுகிறோமே, அப்படி.

கேள்விக்குறியின் கதை

ரவுட்டர் என்றாலே பலருக்கு நினைவு வரும் பெயர் சிஸ்கோ. 1984 டிசம்பரில் லியோனார்டு போசாக், சாண்டி லெர்னர் என்ற தம்பதி தொடங்கியது. இருவரும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் நிர்வாகத்தில் இருந்தவர்கள். அங்கே வில்லியம் யேகர் எழுதிய ரவுட்டர் மென்பொருள்தான் அவர்கள் சரக்கின் அஸ்திவாரம். 1987-இல் பல்கலைக்கழகத்திடம் முறைப்படி உரிமம் வாங்கிக்கொண்டார்கள்.

சிஸ்கோ ரவுட்டரில் என்ன தட்டுவது என்று தெரியாவிட்டால் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும். அடுத்து என்னென்ன சொல்லலாம் என்று அதுவே பட்டியல் காட்டும். இது சிஸ்கோவின் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. ஸ்டான்ஃபோர்டில் புழங்கிய டெக் நிறுவனத்தின் டாப்ஸ்-20 இயங்குதளத்தில் இருந்த பழக்கம். அது டாப்ஸ்-20க்கு வந்ததோ டெனெக்ஸ் என்ற பழைய அமைப்பிலிருந்து. டெனெக்ஸை எழுதியவர்கள் யார் தெரியுமா? ஐஎம்பி செய்த அதே பிபிஎன்காரர்கள். சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்திருக்கிறது.

சிஸ்கோவிலும் ஏலியாஸ் வைக்கலாம். நுழைபவர் கண்ணில் படும்படி எச்சரிக்கைப் பலகை மாட்டலாம். எனக்கு மிகவும் பிடித்தது அதிகாரப் படிகள். பூஜ்யத்திலிருந்து 15 வரை படிகள் உண்டு. சாதாரணமாக உள்ளே போகிறவர் 1-ஆம் படி. எல்லா அதிகாரமும் 15-ஆம் படிக்கு. இடைப்பட்ட படிகளுக்கு எந்தக் கட்டளை அனுமதி என்று நிர்வாகி தீர்மானிக்கலாம். நம்ம பாஸிங் பவர்தான்! கிளார்க் எவ்வளவு, ஆபீசர் எவ்வளவு, மேனேஜர் எவ்வளவு என்று இருப்பதை இயந்திரத்துக்குள்ளும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் இதெல்லாம் ஆபீஸ் சரக்கு. 1999-இல் ஹைதராபாத்தின் ஐடிஆர்பிடி, இந்திய வங்கிகளுக்காக இன்ஃபிநெட் என்ற தனி வலையமைப்பைத் தொடங்கியது. அந்த மாதிரி இடங்களில் ரவுட்டரைத் தொட ஆள் போட்டிருப்பார்கள். வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருளாக அப்போது அதை யாரும் நினைக்கவில்லை.

2002-இல் வந்த இரண்டு பெட்டிகள்

இங்கேதான் கதை இரண்டாகப் பிரிகிறது.

2002 டிசம்பரில் லிங்க்ஸிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற வீட்டு ரவுட்டரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நீலமும் கறுப்புமாய், இரண்டு கொம்பு வைத்தது. பழைய ஆட்கள் பார்த்திருப்பீர்கள். 2003-இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. அதே வருடம் ஜூனில், அந்தப் பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ் என்று சிலர் கண்டுபிடித்து வெளியே சொன்னார்கள். லினக்ஸ் ஜிபிஎல் என்ற உரிமத்தில் வருவது. அதை வைத்துப் பொருள் செய்து விற்றால், வாங்குபவருக்கு மூல நிரலையும் தந்தாக வேண்டும். கேள்வி வலுத்ததும் நிறுவனம் நிரலை வெளியிட்டது.

அதோடு, அந்தப் பெட்டியின் 'பிங்' சோதனைப் பக்கத்தில் ஓர் ஓட்டை இருந்தது. முகவரி கேட்கும் கட்டத்தில் கட்டளையைத் தட்டினால் அதையும் நிறைவேற்றிவிடும். ஆர்வலர்கள் அந்த ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார்கள். 2004 ஜனவரியில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற திட்டம் தொடங்கியது. கம்பெனிக்காரர் கொடுத்த மென்பொருளை எடுத்துவிட்டு, திறமூல லினக்ஸைப் போட்டுக்கொள்ளும் வழி.

அந்தப் பெட்டியின் நினைவகம் 16 மெகாபைட், சேமிப்பு 4 மெகாபைட். இன்றைய கணக்கில் இது ரொம்பச் சின்னது. அதற்குள் யூனிக்ஸை எப்படி அடைத்தார்கள்? 1995-இல் புரூஸ் பெரன்ஸ், டெபியன் லினக்ஸை ஒரே ஃபிளாப்பியிலிருந்து கிளப்புவதற்காக 'பிசிபாக்ஸ்' என்று ஒன்றைச் செய்திருந்தார். பல கட்டளைகள், ஒரே நிரல். அதற்குள் 'ஆஷ்' என்ற சிறிய ஷெல். 1989-இல் கென்னத் ஆல்ம்குவிஸ்ட் எழுதிய ஷெல்லின் வாரிசு அது. யாரோ ஃபிளாப்பிக்காகச் செய்தது பிறகு கோடிக்கணக்கான ரவுட்டர்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அதே 2002, பிப்ரவரி மாதம். ஆந்திராவின் தென்மேற்கு மூலை. சந்திரபாபு நாயுடு முதல்வர். குப்பம் அவருடைய தொகுதி. ஹ்யூலெட்-பேக்கார்டு நிறுவனமும் மாநில அரசும் சேர்ந்து குப்பத்தில் 'ஐ-கம்யூனிட்டி' என்று ஒரு திட்டத்தைத் தொடங்கின. குப்பம், குடிபள்ளி, சாந்திபுரம், ராமகுப்பம், வி.கோட்டா ஆகிய ஐந்து மண்டலங்கள். சுமார் 3 லட்சம் ஜனங்கள். தெலுங்கு, தமிழ், கன்னடம் மூன்றும் சந்தையில் கலந்து கேட்கும் பூமி. ஒரு பக்கம் கர்நாடகம், ஒரு பக்கம் நம் வாணியம்பாடி.

சமுதாயத் தகவல் மையங்கள் வந்தன. உள்ளூர் ஆட்களே அவற்றை நடத்தினார்கள். சுயஉதவிக் குழுப் பெண்கள் டிஜிட்டல் கேமராவும் சூரிய ஒளியில் ஓடும் சிறு பிரிண்டரும் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்துக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். அந்த வட்டாரத்தில் பல பேர் முதன்முதலில் கம்ப்யூட்டரைத் தொட்டது அப்போதுதான். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை.

ஆனால் அது மூன்றாண்டுத் திட்டம். நிறுவனமே அதை 'வாழும் ஆய்வுக்கூடம்' என்று அழைத்தது. 2004 தேர்தலில் ஆட்சி மாறியது. 2005 பிப்ரவரியில் நிறுவனத்தின் தலைவர் கார்லி ஃபியோரினா பதவி இழந்தார். கணக்கு முடிந்தது, நிறுவனம் விலகிக்கொண்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லிங்க்ஸிஸ் பெட்டியையும் அதன் நிறுவனம் கைவிடப் பார்த்தது. 2005-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் லினக்ஸை எடுத்துவிட்டு, நினைவகத்தையும் சேமிப்பையும் பாதியாகக் குறைத்தார்கள். ஆனால் நிரல் ஏற்கெனவே ஜனங்கள் கையில் இருந்தது. கடைசியில் நிறுவனமே லினக்ஸ் பிரியர்களுக்காக டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனி மாடல் போட்டு விற்க வேண்டியதாயிற்று. ராமகுப்பத்துக்கு வந்த பெட்டிகளை விட அது உசத்தி என்று நான் சொல்லவரவில்லை. ஒன்றில் எப்போது தொடங்குவது, எப்போது முடிப்பது என்ற தீர்மானம் தொலைதூரத்தில் எடுக்கப்பட்டது. மற்றதில் சாவியின் ஒரு நகல் உபயோகிப்பவரிடம் இருந்தது. வங்கியில் ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி ஏன் என்று கேட்பவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, என்னதான் மாற்றலாம்?

ஓபன்டபிள்யூஆர்டி போட்ட ரவுட்டருக்குள் 'எஸ்எஸ்எச்' வழியாக நுழைந்தால் முதலில் ஒரு வரவேற்புப் பலகை தெரியும். ஆரம்பப் பதிப்புகளில் அதில் ஒரு காக்டெயில் செய்முறை இருக்கும். வொயிட் ரஷ்யன், காமிகாஸி என்று பதிப்புகளுக்கே மதுவகைப் பெயர்தான். நம் வீட்டுக்கு அது எதற்கு? 'பேனர்' கோப்பைத் திருத்தி நமக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளலாம்.

அடுத்து 'புரொஃபைல்' கோப்பு. நாற்பது வருடத்துக்கு மேலான அதே ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன். இதில் ஏலியாஸ்களை எழுதி வைக்கலாம். ரவுட்டரிடம் முகவரி வாங்கிய கருவிகளின் பட்டியல் ஒரு தற்காலிகக் கோப்பில் இருக்கும். அதைக் காட்டும் கட்டளைக்கு 'யார்' என்று பெயர் வைத்தேன். இப்போது ஆங்கில எழுத்தில் 'யார்' என்று தட்டினால் பையனின் டேப்லெட் ராத்திரி பதினோரு மணிக்கும் வீட்டில் உலாவுவது தெரிந்துவிடும் :-) கட்டளை கேட்டு நிற்கும் இடத்தில் ரவுட்டரின் பெயரைக் காட்டச் சொல்லலாம். இரண்டு ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். கம்பெனியில் அச்சடித்த லெட்ஜர் பக்கத்தின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து எழுதுவதுபோலத்தான் இந்தத் திருத்தங்கள். அடியில் மூலம் அப்படியே இருக்கும். ஏதாவது குழம்பினால் மேல்தாளை மட்டும் உருவிவிட்டு முதலிலிருந்து தொடங்கலாம். ஆனால் புதிய பதிப்பை ஏற்றும்போதும் மேல்தாள் போய்விடும். எதையெல்லாம் காப்பாற்ற வேண்டும் என்று அதற்கான பட்டியல் கோப்பில் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

சாவி நம்மிடம் இருந்தால் பூட்டும் பொறுப்பும் நம்முடையது. 2016-இல் மிராய் என்ற நச்சுநிரல், கடையில் வாங்கியபடியே கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் லட்சக்கணக்கில் புகுந்தது. உள்ளே போனதும் அது தேடியது அதே பிசிபாக்ஸைத்தான். வீட்டுக்காரர் பயன்படுத்தாத கறுப்புத் திரையைத் திருடன் நன்றாகவே பயன்படுத்தினான்.

ஊருக்கு எடுத்துப் போக ஒரு பொருள்

இன்று ராமகுப்பம் பக்கம் இணையம் புதுசு இல்லை. 2017 டிசம்பரில் ஆந்திர ஃபைபர் கிரிட் முறைப்படி தொடங்கப்பட்டது. மின்கம்பங்கள் மேலேயே கேபிள் இழுத்து, மாதம் 149 ரூபாயிலிருந்து இணைப்பு கொடுத்தார்கள். கையில் செல்போன் இல்லாத பிள்ளை அபூர்வம். உபயோகிக்கத் தெரிந்த பிள்ளைகள் ஏராளம். பெட்டியைத் திறந்து பார்த்த பிள்ளைகள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

இங்கே டொராண்டோவில் நம் வீடுகளின் கீழ்த்தளத்தில் பழைய ரவுட்டர் இரண்டாவது தூங்கிக்கொண்டிருக்கும். தூக்கிப் போடாதீர்கள். அந்த மாடலை ஓபன்டபிள்யூஆர்டி ஆதரிக்கிறதா என்று அவர்கள் பட்டியலில் பாருங்கள். மிகப் பழையவற்றுக்குப் புதிய பதிப்பு வராது. இணைப்பு தருபவருக்குச் சொந்தமான பெட்டியைத் தொடவே கூடாது. ஆதரித்தால், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது சாக்லேட்டோடு சேர்த்து அதையும் பெட்டியில் வையுங்கள். அங்கே பாலிடெக்னிக்கோ இன்ஜினியரிங்கோ படிக்கும் அக்கா மகனோ, சித்தப்பா பேத்தியோ இருப்பார்கள். வீட்டு இணைப்புக்கு வேண்டாம், பழகிப் பார்க்க. கெட்டுப்போனால் செங்கல்தான், நஷ்டம் ஒன்றுமில்லை.

அந்தப் பிள்ளை வரவேற்புப் பலகையில் என்ன எழுதப் போகிறது, தெலுங்கா தமிழா என்பது அதன் இஷ்டம். கடவுச்சொல்லை மட்டும் முதலில் மாற்றச் சொல்லுங்கள்.