கொறங்காடும் கவலையும்: காங்கேயம் மாட்டினத்தின் வரலாற்றுப் பின்புலம்

முன்னுரை

2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு சல்லிக்கட்டுச் சட்டத்திருத்தம், நாட்டு மாட்டினங்களின் பாதுகாப்பைத் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கூறுகிறது. அவ்விவாதத்தில் அடையாளமாக முன்னிறுத்தப்பட்ட காங்கேயம் மாடு, விளையாட்டுக்காக அன்றி உழைப்புக்காக உருவாக்கப்பட்ட இனமாகும். இவ்வினத்தை நிலைநிறுத்தியவை எவை, அது ஏன் சுருங்கியது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

மேய்ச்சல் நிலம்

கொங்கரை ஆநிரையோடு இணைத்துப் பேசும் வழக்கம் பதிற்றுப்பத்திலேயே உண்டு. ஆயினும் அதனைக் கொண்டு இன்றைய இனத்தின் தொன்மையை நிறுவ இயலாது. அது மேய்ச்சல் வாழ்வின் தொன்மையையே காட்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மி.மீ. மழையே பெறும் காங்கேயம், தாராபுரம், கரூர்ப் பகுதிகளில் அவ்வாழ்வு ‘கொறங்காடு’ என்னும் வடிவம் பெற்றது. முள் கிளுவை உயிர்வேலி, கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம் ஆகிய மூன்றும் அதன் உறுப்புகள். புல் காய்ந்த கோடையில் வெள்வேலங்காய் தீவனமாகும். வேலியால் பிரித்த காடுகளில் மாடுகளை மாற்றி மாற்றி மேய்ப்பதால் புல் மீண்டும் தழைக்கும். இது பொதுப் புறம்போக்கு அன்று. உழவரின் பட்டா நிலம். ஆகவே எந்தப் பசுவோடு எந்தக் காளை சேர வேண்டும் என்பதை உரிமையாளரால் தீர்மானிக்க முடிந்தது.

இனத்தேர்வும் சந்தையும்

இத்தேர்வைப் பெருமளவில் மேற்கொண்டவர்கள் பழையகோட்டைப் பட்டக்காரர்கள். அவர்களுள் நல்லதம்பி சர்க்கரை மன்றாடியாரின் பெயர் இவ்வினத்தின் மேம்பாட்டோடு சிறப்பாக இணைத்துக் கூறப்படுகிறது. ஓசூர் அரசுப் பண்ணையோடு தொடர்புடைய லிட்டில்வுட் 1936இல் வெளியிட்ட தென்னிந்தியக் கால்நடைகள் பற்றிய நூலிலும் காங்கேயம் இனம் இடம்பெற்றது. செந்நிறமாகப் பிறக்கும் கன்று சில மாதங்களில் சாம்பல் நிறமாக மாறும். காளையின் திமிலும் முன்பின் உடற்பகுதிகளும் கருமை கொள்ளும். மயிலை, செவலை, காரி, பிள்ளை என உழவர் நிறவகை பிரித்தனர். கண்ணபுரம் மாரியம்மன் கோயில் சந்தை, இம்மாடுகளை வெளியூர் உழவரிடம் சேர்த்தது.

உழைப்பின் தேவை

அவ்வுழவருக்கு எருது இன்றியமையாததாயிருந்தது. ஆழ்கிணறுகளே பாசனமாக இருந்த கொங்கில், கவலை இறைக்கச் சரிவில் இறங்கியும் ஏறியும் நாள்முழுதும் இயங்கும் இணை எருதுகள் வேண்டும். ஒரு கறவைப் பருவத்தில் ஏறத்தாழ 500 முதல் 600 கிலோ பாலே தரும் பசுவை உழவர் பேணியதற்குக் காரணம், அது ஈனும் காளைக்கன்றின் விலையே ஆகும்.

1930களில் பைக்காரா மின்சாரம் கோவைப் பகுதியை எட்டியது. மின்மோட்டார் பரவப் பரவக் கவலை மறைந்தது. மாநில அளவிலும் திசை மாறியது. 1955 ஜனவரியில் ஆவடி மாநாட்டில் சோசலிசப் பாணிச் சமுதாயத்தை இலக்காக ஏற்ற காங்கிரசின் தேர்தல் சின்னம், நுகம் பூட்டிய இரட்டைக் காளை. பத்தாண்டுகளுக்குள் அதே ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அருகே அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் எழுந்தன. சின்னத்தில் காளை நிற்க, திட்டமிடல் இயந்திரத்தை நோக்கி நகர்ந்தது. பின்னர் வந்த கலப்பினக் கறவை மாடுகள், பாலுக்காக மாடு வளர்ப்போரை ஈர்த்தன. காளைக்கன்றுக்கு விலை குன்றியபோது தாய்ப்பசுவும் மதிப்பிழந்தது.

முடிவுரை

2014இல் உச்ச நீதிமன்றம் விதித்த தடையும், 2023இல் அதன் அரசியலமைப்பு அமர்வு சட்டத்திருத்தத்தை ஏற்றதும் வாடிவாசலை மையப்படுத்திய நிகழ்வுகள். காங்கேயத்தின் வரலாறோ வேறிடத்தைச் சுட்டுகிறது. விளையாட்டு, சில காளைகளுக்கு மதிப்பளிக்கும். பசுக்களை மேய்க்கும் நிலத்தை அது தராது. கொறங்காடு வீட்டுமனையாகவும் ஆலையாகவும் மாறுமிடத்தில் பொலிகாளையை மட்டும் காப்பது இனத்தைக் காப்பதாகாது. எனவே இனப் பாதுகாப்புக் கொள்கை மேய்ச்சல் நிலப் பாதுகாப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இவ்வாய்வின் முடிபு.