வேலைக்குப் போய்வரும் நேரம்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் கணக்கு

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே சுமார் 12 கிலோமீட்டர். இந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு இரண்டு ஊர்களின் நூறு வருஷ வரலாற்றில் பாதியைச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். நடந்தால் இரண்டரை மணி நேரம். சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. பஸ்ஸில் அரை மணி. மொபெட்டில் இருபது, இருபத்தைந்து நிமிஷம். தூரம் மாறவே இல்லை. ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு ராஜபாளையத்தில் வேலை பார்க்கலாமா என்ற கேள்விக்குப் பதில் மட்டும் தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

மனிதன் வேலைக்காக எவ்வளவு நேரம் பயணம் செய்யச் சம்மதிப்பான் என்பதை உலக அளவில் சிலர் ஆராய்ந்திருக்கிறார்கள். 1970களில் யாகோவ் ஜஹாவி என்ற போக்குவரத்து ஆய்வாளர் பல நாட்டு நகரங்களின் பயணக் கணக்குகளை ஒப்பிட்டுப் பார்த்தார். வாகனம் வேகமாகப் போகிறதே என்று ஜனங்கள் பயண நேரத்தைக் குறைத்துக்கொள்வதில்லை, அதே நேரத்தில் இன்னும் அதிக தூரம் போகிறார்கள் என்பது அவர் கண்டது. இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் இதை இன்னும் விரித்து எழுதினார். மனிதர்கள் ஒரு நாளைக்குப் போகவும் வரவும் சேர்த்துச் சுமார் ஒரு மணி நேரத்தைப் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள், பழைய நகரங்களும் அந்தக் கணக்குக்குள்தான் அடங்கியிருந்தன என்றார். அரை மணி நேரத்தில் ஒருவர் இரண்டரை கிலோமீட்டர் நடப்பார். அதனால்தான் கால்நடைக் காலத்து நகரம் எதுவும் நடுவிலிருந்து அதற்கு மேல் அதிகம் பரவவில்லையாம்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இது கச்சிதமாகப் பொருந்துகிறது. ஆண்டாள் கோயில், அதைச் சுற்றி மாட வீதிகள், வெளியே தேர் ஓடும் ரத வீதிகள். கோயில் கைங்கரியம் செய்பவர், பூக்கட்டுபவர், பாத்திரக்கடைக்காரர் யாருக்கும் வேலை பத்து நிமிஷ நடைக்கு அப்பால் இல்லை. நெசவாளிக்கு அந்த நடைகூடக் கிடையாது. தறிக்குழி வீட்டுக்குள்ளேயே இருந்தது. (மனுஷன் நகராமல் தகவலை மட்டும் நகர்த்தும் வித்தையும் இங்கே உண்டு. ஆண்டாளுக்குப் பூஜை முடிந்த செய்தி, வழியெங்கும் அமைத்த மண்டபங்களில் முரசு மாற்றி முரசு ஒலித்து மதுரையில் திருமலை நாயக்கரை எட்டும், அதன் பிறகே அவர் உணவருந்துவார் என்பார்கள். கர்ணபரம்பரைக் கதைதான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு அந்த முரசு ஞாபகம் வரும்.)

வேலை என்பது வீட்டைவிட்டு வெளியே, இன்ன மணிக்குப் போய்ச் சேரவேண்டிய இடம் என்று ஆனது மில் வந்த பிறகுதான். 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பின்னால் மில்கள் பெருகின. காட்டு வேலைக்கும் சூரியனே கடிகாரம், கொஞ்சம் முன்னே பின்னே போகலாம். மில்லுக்குச் சங்குதான் கடிகாரம். சங்கு ஊதி முடிந்தால் கேட் அடைக்கப்படும், அன்றைய கூலி போய்விடும். அதனால் எவ்வளவு தூரம் என்பதைவிட எத்தனை மணிக்குக் கிளம்பவேண்டும் என்பதே குடும்பத்தின் கேள்வியாக மாறியது. அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவர் வீட்டில் அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே அடுப்பு எரிந்தாகவேண்டும். அந்த மணி நேரம் யாருடைய கணக்கிலும் ஏறவில்லை.

சட்டத்தின் கணக்கிலும் ஏறவில்லை. 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம், நாளொன்றுக்கு 9 மணி நேரம் என்று உச்சவரம்பு வைத்தது. நல்ல காரியம். ஆனால் அந்த 9 மணி கேட்டுக்கு உள்ளே மட்டும்தான். ஐந்து மைல் நடந்து வருகிற கிராமத்து ஆளுக்கும், மில்லுக்கு எதிரே குடியிருப்பவருக்கும் சட்டத்தின் பார்வையில் ஒரே வேலை நாள்.

நடையை முதலில் வென்றது சைக்கிள்தான், ரயிலும் பஸ்ஸும் அல்ல. இதை நான் அழுத்திச் சொல்வேன். விருதுநகர் – தென்காசி ரயில் பாதை 1927இலேயே வந்துவிட்டது. திருத்தங்கல், சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில் என்று நம் பக்கத்து ஊர்களையெல்லாம் ஒரே கயிற்றில் கோத்தது. இரண்டு ஊருக்கும் நடுவே ரயிலில் கால் மணி நேரப் பயணம்தான். ஆனால் ஷிப்டு மூன்று, பாசஞ்சர் வண்டியோ நாளைக்குச் சில நடை. சங்கும் ரயிலும் ஒத்துப்போனால்தானே தொழிலாளிக்கு உபயோகம்? சரக்குக்கும், கல்யாணத்துக்கும், மதுரைக்கும் மெட்ராஸுக்கும் போக ரயில். தினப்படி வேலைக்கு அது தோதுப்படவில்லை. சென்னையில் நடந்தது வேறு. 1931இல் கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது அது ஆபீஸ் நேரத்துக்கு அடிக்கடி ஓடியது. அதை நம்பி மாம்பலம் பக்கம் குமாஸ்தாக்கள் வீடு கட்டினார்கள். பாதை இருந்தால் மட்டும் போதாது, நேரமும் பொருந்தவேண்டும்.

சைக்கிளுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. கிளம்புகிற நேரம் ஓட்டுகிறவர் கையில். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் கம்பெனி வந்தபின் உள்நாட்டு சைக்கிள் மெல்ல மெல்ல உழைப்பாளிக்கு எட்டுகிற பொருளானது. மார்க்கெட்டியின் அரை மணி நேரத்தில் சைக்கிள்காரர் ஆறேழு கிலோமீட்டர் போய்விடுவார். இரண்டரை கிலோமீட்டர் வட்டம் ஏழு கிலோமீட்டர் ஆனால் பரப்பளவு எட்டு மடங்குக்கு அருகில் போகிறது. அதற்குள் எத்தனை கிராமங்கள் வந்துவிடும் என்று யோசித்துப் பாருங்கள். சத்திரப்பட்டி, சமுசிகாபுரத்துப் பேண்டேஜ் துணித் தறிகளுக்கும், ராஜபாளையத்து மில்களுக்கும் ஆள் கிடைத்ததில் சைக்கிளுக்குப் பெரும் பங்கு உண்டு. வில்லை இல்லாத சைக்கிளுக்கும், விளக்கு இல்லாமல் போனதற்கும், இரண்டு பேர் ஏறியதற்கும் அபராதம் கட்டிய தலைமுறை நம் குடியிருப்பிலேயே இருக்கிறது.

இதில் ஓர் ஓரவஞ்சனை இருந்தது. சைக்கிள் ஆண்களின் வண்டி. பெண்கள் நடந்தார்கள், இல்லையென்றால் பஸ்ஸுக்கு நின்றார்கள். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912இல் மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கிய பிறகு தனியார் பஸ்கள் பரவின. 1972இல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவானபின் கிராமத்துத் தடங்கள் கூடின. ஆனாலும் பஸ்ஸுக்குக் காசு வேண்டும், கூலியில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கே போகும். 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. அது இரண்டு ஊரையும் கிட்டத்தட்ட ஒரே ஊராக்கிவிட்டது. இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் கடை என்பது யாருக்கும் வியப்பில்லை. மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருப்பதால் ராஜபாளையத்து வக்கீல்களும் குமாஸ்தாக்களும் தினமும் எதிர்த்திசையில் போகிறார்கள். கிருஷ்ணன்கோவில் கல்லூரிக்குப் போகிறவர்கள் அதையும் தாண்டிப் போகிறார்கள்.

இதுவரை சொன்னது சம்மதத்தின் கதை. சம்மதம் கேட்கப்படாத ஒரு பயணமும் நம் மாவட்டத்தில்தான் நடந்தது. எழுபது, எண்பதுகளில் சிவகாசி, சாத்தூர் பக்கத்துத் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளுக்கு விடியுமுன்னே பஸ்கள் கிராமம் கிராமமாக வந்து ஆள் ஏற்றும். ஏறியவர்களில் பெரும் பகுதி குழந்தைகள், அதிலும் பெண் குழந்தைகள். தூக்கத்திலேயே ஏற்றி, இருட்டியபின் கொண்டுவந்து இறக்குவார்கள். ஆலையில் உழைத்த நேரத்தோடு பஸ்ஸில் போன நேரத்தையும் சேர்த்தால்தான் அந்தக் குழந்தையின் வேலை நாள் எவ்வளவு நீளம் என்று தெரியும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையான தீர்ப்பு வழங்கியது. அந்த விடியற்கால பஸ்ஸில் இப்போது அவர்கள் ஏறுவதில்லை. பெரியவர்கள் ஏறுகிறார்கள்.

மார்க்கெட்டியின் ஒரு மணி நேரக் கணக்கில் எனக்குள்ள மனக்குறை இதுதான். சராசரி சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சராசரிக்குள் வீட்டுக்கு எதிரிலேயே கடை வைத்திருப்பவரும் இருக்கிறார், இரண்டு பஸ் மாறி வரும் அம்மாவும் இருக்கிறார். மும்பையில் விராரிலிருந்து சர்ச்கேட்டுக்கு 60 கிலோமீட்டர் ரயிலில் தொங்கிக்கொண்டு போகிறவரிடம் ஒரு மணி நேரம்தான் மனித இயல்பு என்று சொன்னால் சிரிப்பார். வேலை இருக்கும் இடத்தில் வாடகை கட்ட முடியாதவர் நேரத்தால் வாடகை கட்டுகிறார்.

அரசாங்கத்தின் கணக்கெடுப்பும் இந்த நேரத்தை அளக்கவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயமும் வீட்டுத் தொழிலும் அல்லாத வேலைக்குப் போகிறவர்களிடம் வேலை செய்யும் இடம் எத்தனை கிலோமீட்டர், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். எத்தனை நிமிஷம் என்று கேட்கவில்லை. ஆறு கிலோமீட்டரை மோட்டார் சைக்கிளில் பத்து நிமிஷத்தில் கடப்பவரும், பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்து கடப்பவரும் தூரக் கணக்கில் ஒரே வரிசையில் விழுவார்கள்.

வழியில் அடிபட்டால் யார் பொறுப்பு என்பதிலும் நீண்ட வழக்கு உண்டு. 1971இல் கேரளத்தில் ஒரு தொழிலாளி ஷிப்டுக்குச் சைக்கிளில் போகும்போது, ஆலைக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்தில் லாரி மோதிக் காயமடைந்தார். இ.எஸ்.ஐ. இழப்பீடு கேட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 1996இல் முடிந்தது. ஆலைக்குப் போகும் வழியில் நடந்தது வேலையால் நேர்ந்த காயம் ஆகாது என்று தீர்ப்பு. 25 வருஷம் காத்திருந்ததற்குக் கிடைத்த பதில் அது. 2010இல்தான் இ.எஸ்.ஐ. சட்டத்தைத் திருத்தி, வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்தையும் தக்க தொடர்பு இருந்தால் வேலை விபத்தாகக் கருதலாம் என்று சேர்த்தார்கள். நம் ஊரில் மில்லுக்குப் போகிற பலருக்கு இது இன்னும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லி வைத்தால் நல்லது.

பெண்களின் இரவு வேலையிலும் இதே மாதிரிதான். 1948 சட்டம் இரவு 7 முதல் காலை 6 வரை பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2000இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியபோது நிபந்தனைகள் விதித்தது. வீட்டிலிருந்து அழைத்துவந்து திரும்பக் கொண்டுவிட வண்டி ஏற்பாடு செய்யவேண்டும் என்பது அவற்றில் ஒன்று. தமிழ்நாட்டு நூற்பாலைகள் பல இதற்குக் கண்ட வழி வேன், இல்லையென்றால் ஆலை வளாகத்திலேயே ஹாஸ்டல். ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணுக்குப் பயண நேரம் பூஜ்யம். அதைக் கேட்டு யாரும் பொறாமைப்படமாட்டார்கள். கேட்டைத் தாண்ட அனுமதி கேட்கவேண்டிய இடத்தில் ஐந்து நிமிஷ நடை ஒரு சௌகரியமா என்ன?

பழைய இங்கிலாந்தில் 1883இலேயே மலிவு ரயில் சட்டம் போட்டு, காலையில் தொழிலாளிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் வண்டி விடவேண்டும் என்று ரயில் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தினார்கள். நமக்கு அது மாதிரி ஒன்று 2021 மே மாதம் வந்தது, சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று. இலவசம் என்று கேலி பேசியவர்களில் நம் குடியிருப்புக்காரர்களும் உண்டு. மாநிலத் திட்டக் குழு ஆராய்ந்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று சொன்னது. வீட்டு வேலைக்கு வருகிறவருக்கு அது ஒரு வீட்டுச் சம்பளத்தில் கணிசமான பங்கு. ஆனால் மிச்சமானது பணம்தான், நேரம் அல்ல. ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த இலவச பஸ்ஸுக்கு நிற்பவர்களைப் பஞ்சு மார்க்கெட் ஸ்டாப்பில் எந்த நாளும் பார்க்கலாம்.

நம் குடியிருப்பில் பெருக்கவும் துடைக்கவும் வருகிறவர்களைக் காலை ஆறரைக்கு வரச்சொல்கிறோம். பலர் கிராமத்திலிருந்து வருகிறார்கள். ஆறரைக்கு இங்கே நிற்கவேண்டுமானால் ஐந்தே முக்காலுக்காவது பஸ் ஏறவேண்டும், நாலரைக்கு எழுந்து சமைத்து வைக்கவேண்டும். அந்தப் பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்ததில் வந்து சேர ஏழேகால் ஆகிவிடும். அப்போது வருகைப் பதிவேட்டில் தாமதம் என்று சிவப்பு மையில் எழுதுகிறோம். அடுத்த பொதுக்குழுவில் இந்த நேரத்தை ஏழரை என்று மாற்றலாமா என்று நான் கேட்கப்போகிறேன். லிப்டும் மாடிப்படியும் ஒரு மணி நேரம் கழித்துச் சுத்தமானால் நமக்கு நஷ்டமில்லை. அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வருகிறேன். பஸ் நேரத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.