படச்சட்டத்தின் பின்னால் ஒரு வாழைமரத் தாள்

1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறியபோது அம்மா தூக்கிவந்தவை காணி உறுதிகளும் அம்மப்பாவின் படமும். கோட்டும் தலைப்பாகையுமாக, மலாயா ரயில்வேயில் கிளாக்கராயிருந்த காலத்து ஸ்ரூடியோப் படம். 'மலாயாப் பென்சன் வீடு' என்ற எங்கள் பெருமைக்கு அதுவே சான்று.

அண்மையில் சட்டத்தைக் கழற்றியபோது பின்னால் ஒரு பத்து டொலர்த் தாள் கிடந்தது. வாழைமரம் அச்சிட்ட யப்பானியக் காசு. ஆக்கிரமிப்புக் காலச் சம்பளம் இதிலேதான். 1945 செப்ரெம்பரில் பிரித்தானியர் திரும்பிவந்ததும் அது வெறும் கடதாசியாயிற்று. அந்த இழப்பை வீட்டில் எவரும் சொன்னதில்லை.

சொல்லாதது இன்னொன்றும் உண்டு. 1942-43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்-பர்மா ரயில்பாதை போடக் கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர். பெருந்தொகையானோர் மீளவில்லை. கிளாக்கருக்குப் படமுண்டு, பென்சனுண்டு. அவர்களுக்கோ ஒழுங்கான பெயர்ப்பதிவுகூட இல்லை. 'குடும்ப வரலாறு' என்று நாம் (நானுந்தான்) எழுதுபவை ஸ்ரூடியோவுக்குக் காசு கொடுக்க முடிந்தவர்களின் வரலாறே. ஆதாரம் அப்படித்தான் எஞ்சியிருக்கிறது. ஆனால் அதையே 'தமிழர் வரலாறு' என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அம்மாவிடம் தாளைக் காட்டினேன். "உது ஐயாவின்ரை காசு. இருந்த இடத்திலை வை" என்றார்.